காயிலுக்குள் காற்றுப் பை: தூக்கும், தாங்குமா?

பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் மைசூரிலிருந்து சாம்ராஜ்நகர் ரோட்டில் புறப்படும் வாடகை வண்டிகளைப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். பெரியவர்கள் ஆறு பேர், மடியில் பிள்ளைகள், கூரைக் கேரியரில் தார்ப்பாய் போட்டுக் கட்டிய பெட்டிகள். வண்டி எருமை உட்காரப் போவது போலப் பின்பக்கம் பதிந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு போகும். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். உள்ளே இருக்கும் பாட்டி "முருகா!" என்பார். டிரைவர் பேசமாட்டார்.

அந்த டிரைவர்களிடையே சில ஆண்டுகளாக ஒரு சமாசாரம் அடிபடுகிறது. பின்பக்கக் காயில் ஸ்பிரிங்குக்குள் ஒரு காற்றுப் பையைத் திணித்து, டயருக்கு அடிப்பது போலக் காற்றடித்துவிட்டால் வண்டி புது வண்டி போல நிமிர்ந்து நிற்குமாம். "பை போட்டாச்சு அண்ணே, இனி எத்தனை பேரை ஏற்றினாலும் கவலையில்லை" என்கிறார்கள்.

நிமிர்ந்து நிற்பது உண்மை. கவலையில்லை என்பதுதான் உண்மையல்ல.

(விபத்தின்போது ஸ்டீயரிங்கிலிருந்து வெடித்து வரும் ஏர்பேக் வேறு. இது சுமைக்கு உதவியாக ஸ்பிரிங்குக்குள் இருக்கும் பை.)

பட்டை போய் சுருள் வந்தது

அம்பாசிடர் காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதன் பின்பக்கம் இருந்தது கமான் பட்டை. வண்டி தொய்ந்தால் பட்டறைக்குப் போய் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டுக்கொள்வார்கள். லாரிக்காரர்கள் 'ஹெல்பர்' என்று சொல்வதும் இதன் உறவுதான். பிடதியில் 1999 டிசம்பரில் உற்பத்தி தொடங்கிய டொயோட்டாவின் முதல் வண்டியான குவாலிசிலும் பின்னால் பட்டைதான். 2005-ல் அதன் இடத்துக்கு வந்த இன்னோவாவில் பட்டை போய்ச் சுருள் ஸ்பிரிங் வந்தது. பயணம் சொகுசாயிற்று. ஆனால் சுருளில் இன்னொரு பட்டையைச் சேர்க்க வழியில்லையே! சுருளின் இடுக்கில் ரப்பர் பஃபரைச் செருகினார்கள். அது எப்போதும் ஒரே விறைப்பு. காலி வண்டியிலும் முதுகை உடைக்கும். காற்றுப் பையின் வசதி, வேண்டும்போது ஏற்றி வேண்டாதபோது இறக்கலாம் என்பதுதான்.

இது புதுச் சரக்கு அல்ல. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் 1949-லேயே இதற்கென்று ஏர் லிஃப்ட் என்ற கம்பெனி தொடங்கிவிட்டது. அங்கே சாதாரணக் குடும்பங்கள்கூடக் காருக்குப் பின்னால் படகையோ, வீடு போன்ற கேரவனையோ கட்டி இழுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போவார்கள். நம் பக்கம் இழுவை என்றால் டிராக்டரும் கரும்பு டிரெய்லரும்தான். மிஞ்சினால் கல்யாண மண்டபத்துக்கு ஜீப் இழுத்து வரும் ஜெனரேட்டர் வண்டி. பஸ்ஸில் போகிறவர்களுக்கும் காற்று ஸ்பிரிங் அந்நியமல்ல. பெங்களூர்–மைசூர் வால்வோ பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வருகிறோமே, அதைத் தாங்குவது காற்றுதான். ஆனால் அந்த பஸ் முதலிலிருந்தே காற்றுக்கென்று வடிவமைக்கப்பட்டது. காரில் போடும் பை, இருக்கிற ஸ்பிரிங்குக்கு ஒரு கையாள்.

மாட்டும் விதம்

சேஸிஸுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு வைத்துப் பின்சக்கரங்களைக் கழற்றுவார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. ஷாக் அப்சர்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றினால் அச்சு இன்னும் கீழே இறங்கும்; சுருள் விரியும். அப்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பையிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்றி, பாய் போலச் சுருட்டி, சுருளின் இடுக்கு வழியாக உள்ளே தள்ளுவார்கள். கூரான விளிம்பு கிழிக்காமலிருக்க வட்டத் தகடு வைப்பதுண்டு. சில வண்டிகளில் சுருளுக்குள்ளேயே ரப்பர் கட்டை இருக்கும். அதை என்ன செய்வது என்பது அந்தந்த வண்டிக்கான பையோடு வரும் குறிப்பில் இருக்கும். ஷாக் அப்சர்பரே சுருளுக்கு நடுவில் நிற்கும் வண்டியானால் இந்தப் பைக்கு இடமே கிடையாது.

காற்றுக் குழாயை சைலன்சரிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிக் கொண்டுபோக வேண்டும். வால்வை நம்பர் பிளேட் பக்கம் பொருத்தினால் பெட்ரோல் பங்கிலேயே காற்றடித்துக்கொள்ளலாம். இரண்டு பைக்கும் சேர்த்து ஒரே வால்வு வைத்தால் ஐந்து நிமிட வேலை மிச்சம். ஆனால் மலைப்பாதைக்கு அது ஆகாது. வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது, அழுந்திய பையிலிருந்து காற்று எதிர்ப் பக்கத்துப் பைக்கு ஓடிவிடும். சாய்வு கூடும். இரண்டுக்கும் தனித்தனி வால்வு கேட்டு வாங்குவதே நல்லது.

கார் பைகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு: குறைந்தது 5 பவுண்டு, அதிகம் 35 பவுண்டு. காலி வண்டி என்று காற்றை முழுவதும் இறக்கிவிட்டு ஓட்டினால் பை மடிந்து சுருளில் கடிபட்டுக் கிழியும். அதற்காக 35-லேயே வைத்துக் காலி வண்டியை ஓட்டினால் பின்பக்கம் துள்ளும். சுமை ஏற்றும் முன்பு சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து குறித்துக்கொண்டு, சுமை ஏறியபின் அந்த அளவுக்கு அருகில் வரும்வரை அடித்தால் போதும்.

எடை எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை! ஆளுக்கு 65 கிலோ என்றால் எட்டுப் பேர் 520 கிலோ. தலைக்கு 15 கிலோ சாமான் என்றால் இன்னொரு 120. பை போட்டாலும் போடாவிட்டாலும் அந்த 640 கிலோவும் அதே அச்சின் மேலும், அதே டயர்களின் மேலும், அதே பிரேக்கின் மேலும்தான் இருக்கிறது. மைசூர் வாசிகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஆட்டோமோட்டிவ் ஆக்சில்ஸ் கம்பெனி 1981-ல் தொடங்கிய காலத்திலிருந்து லாரி அச்சு செய்யும் ஊர் இது. ஒவ்வோர் அச்சுக்கும் இவ்வளவுதான் சுமை என்று ஒரு கணக்கு உண்டு. காற்று அந்தக் கணக்கை மாற்றாது.

முன்பு வண்டி தொய்ந்து நின்றது. அதைப் பார்த்தாவது "ஒரு மூட்டையை இறக்கு" என்று டிரைவர் சொல்ல முடிந்தது. பை அந்தத் தொய்வை மறைத்துவிடுகிறது. வண்டிக்காரர் முதலாளியாக இருந்து, ஓட்டுகிறவர் சம்பளக்காரராக இருந்தால், "அதுதான் பை போட்டுக் கொடுத்திருக்கிறேனே" என்ற பதில் வேறு!

இழுவையிலும் இதே கதைதான். 500 கிலோ டிரெய்லரின் மூக்கு, கொக்கியின் மேல் 50 முதல் 75 கிலோ வரை அழுத்தலாம். கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் அந்தப் பாரம் நெம்புகோல் போல முன்பக்கத்தைத் தூக்குகிறது. ஸ்டீயரிங் லேசாகிறது, ஹெட்லைட் மரக்கிளையைப் பார்க்கிறது. பை உடம்பை மட்டமாக்கி ஹெட்லைட்டை ரோட்டுக்குத் திருப்பும். முன்சக்கரம் இழந்த பாரத்தை அது திருப்பிக் கொடுப்பதில்லை.

திம்பம் இறக்கத்தில்

இனிச் சொல்வது பலருக்குத் தெரியாத விஷயம். சில வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒரு சிறு கம்பி இருக்கும். மெக்கானிக்குகள் எல்.எஸ்.பி.வி. என்பார்கள். வண்டியின் உடம்பு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துச் சுமையை அறிந்து, பின்சக்கரப் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் வால்வு அது. காலி வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமலிருக்க அழுத்தத்தைக் குறைக்கும். சுமை ஏறி உடம்பு தாழ்ந்தால் கூட்டும்.

பை போட்டு உடம்பைத் தூக்கிவிட்டால்? அந்த வால்வுக்கு வண்டி காலி என்றே தெரியும்! பின் பிரேக்குக்குக் குறைவாகவே அழுத்தம் போகும். முழுச் சுமையோடு, வேலை முழுவதும் முன் பிரேக்கின் தலையில். மைசூரிலிருந்து சத்தியமங்கலம் போகிறவர்களுக்குத் திம்பம் ஏற்றமல்ல, இறக்கம். 27 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரி அம்மன் கோயில் வரும்வரை பிரேக்குக்கு ஓய்வில்லை. சூடேறிய பிரேக் பிடிமானம் இழப்பது அங்கேதான்.

ஆகவே பை போட நினைக்கிறவர்கள், தங்கள் வண்டியில் அந்தக் கம்பி உண்டா, இருந்தால் அதை மறுபடி சரிசெய்ய முடியுமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். கம்பி இல்லாமல், சக்கரங்களின் வேகத்தைக் கவனித்து மின்னணு முறையில் பிரேக்கைப் பகிரும் வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை.

சட்டமும் உண்டு. உற்பத்தியாளர் அளித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. பையை மாட்டும் முன்பு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுக்கொண்டால், பிறகு கிளெய்ம் நேரத்தில் வாதாட வேண்டியிருக்காது. ஸ்பிரிங்கே தளர்ந்துபோன பழைய வண்டிக்குப் பை மருந்தல்ல. புது ஸ்பிரிங் போடுவதுதான் வழி.

ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய எடைக்குள் அடங்கிய சுமை, ஆனாலும் பின்பக்கம் தொய்கிறது என்றால், அந்த இடத்துக்குத்தான் இந்தப் பை. அதற்கு மேலே இருப்பதை பஸ்ஸில் பார்சலாக முன்கூட்டியே அனுப்பிவிடலாம். மாட்டியவுடன் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவி, நுரை கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன்பு இரண்டு பையிலும் காற்றை அளக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் அந்த வண்டி அன்று திம்பம் பக்கம் போகக்கூடாது.