மேசைமேல் ஒரு டீசல் ஷெட்

திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து கிளம்பிய வேணாடு எக்ஸ்பிரஸையும் மலபார் எக்ஸ்பிரஸையும் டீசல் இன்ஜின்கள் இழுத்த காலம் ஒன்று உண்டு. திருவனந்தபுரம் கோட்டத்து டீசல் இன்ஜின்களுக்குத் தாய்வீடு எர்ணாகுளம் ஷெட். இன்று அந்தத் தடம் மின்மயம். 1964 முதல் டீசல் இன்ஜின் கட்டிவந்த வாரணாசி ஆலை 2020-இல் தன் பெயரிலிருந்தே டீசலை எடுத்துவிட்டு, 'பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ்' ஆகிவிட்டது. மாதிரி ரயில் கட்ட ஆசைப்படுபவர்களிடம் நான் விடாமல் சொல்வது: முதல் லே-அவுட்டாக ஒரு டீசல் ஷெட்டைக் கட்டுங்கள். எர்ணாகுளம் ஷெட்டையோ பொன்மலை ஷெட்டையோ அப்படியே சுருக்கப் பார்க்க வேண்டாம். கொச்சுவேளிப் பக்கம் இருந்திருக்கக்கூடிய, இரண்டே தடமுள்ள ஒரு கற்பனை ஷெட் போதும்.

காரணம், இடம். உலகம் முழுக்கப் பரவலாக உள்ள எச்.ஓ. அளவில் எல்லாம் 87-இல் ஒரு பங்கு. ஐ.சி.எஃப். பயணிகள் பெட்டி ஒன்று 21.3 மீட்டர் நீளம், சுருக்கினால் 24.5 செ.மீ. பதினெட்டுப் பெட்டி கோத்தால் வண்டி மட்டுமே நாலரை மீட்டர் வந்துவிடும். அடுக்குமாடி வீட்டில் அதற்கு ஏது இடம்? புனேயில் 1998-இல் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் ஒரு நகரத்தையே கட்டி ரயில் விடுகிறது. அதற்குத் தனிக் கூடமே வேண்டும். ஷெட்டுக்கு வருவதோ தனி இன்ஜின். டபிள்யூ.டி.எம்.-2 வகை டீசல் இன்ஜின் சுமார் 17 மீட்டர், அதாவது மேசைமேல் 20 செ.மீ. நான்கு அடி பலகையில் நிஜ ஷெட்டின் வேலையை விட்டுக்கொடுக்காமல் காட்ட முடியும்.

வரைபடத்தைக் கட்டடத்திலிருந்து தொடங்குவது பலர் செய்வது. வேலையிலிருந்து தொடங்க வேண்டும். வண்டியை விட்டுவிட்டு வரும் இன்ஜினுக்கு முதலில் டீசல், டபிள்யூ.டி.எம்.-2-இன் டாங்க் 5,000 லிட்டர் பிடிக்கும். கூடவே குளிர்விக்கும் தண்ணீர், லூப் ஆயில், மணல். மழையில் நனைந்த தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காமல் இருக்க அந்த மணல் பொடியாக, காய்ந்து இருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெய்யும் ஊரில் மணல் காயவைக்கும் கொட்டகை இல்லாமல் ஷெட் கட்டினால் அது பொய்யாகத் தெரியும். பிறகு பிட் லைன்: அடியில் இறங்கி பிரேக் கட்டை, மோட்டார், சக்கரங்களைத் தாங்கும் போகி பார்ப்பது. அதற்கப்புறம்தான் ரிப்பேர், அல்லது அடுத்த வண்டிக்காகக் காத்து நிற்பது.

இதை 120 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலப் பலகையில் இப்படிப் பிரிப்பேன். இடது ஓரத்தில் ஒரே நுழைவுத் தடம். முதல் பாயின்ட்டில் முன்பக்கமாகப் பிரிவது டீசல் நிரப்பும் தடம். அடுத்த பாயின்ட் ஷெட்டின் இரண்டு தடங்களைப் பிரிக்கும். சின்ன பாயின்ட் ஒன்று 18, 19 செ.மீ. எடுக்கும், நுழைவுத் தடத்துடன் இவை இரண்டும் போக ஷெட் பக்கம் 70 செ.மீ. சொச்சம் மிஞ்சும். அதில் 45 செ.மீ. கட்டடத்துக்கு, ஒரு தடத்துக்கு இரண்டு இன்ஜின் உள்ளே, ஒன்று வாசலில். நுழைவுத் தடத்துக்கு வெளியே, தண்டவாளத் துண்டு பதித்த 25 செ.மீ. மரத்தட்டு ஒன்று. இன்ஜின் வெளியுலகத்துக்குப் போவதும் வருவதும் அதன் வழியாக. டீசல் நிரப்பிய இன்ஜின் ஷெட்டுக்குள் போக வேண்டுமானால் தட்டு வரை பின்னால் வந்துதான் திரும்ப நுழைய வேண்டும். இந்தப் போக்குவரத்துதான் லே-அவுட்டின் உயிர். டர்ன்டேபிள் வேண்டாம், டபிள்யூ.டி.எம்.-2 ஒரே கேபினிலிருந்து இரு திசையிலும் ஓடும்.

அடுத்தது கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி. இதில் சமரசம் தவிர்க்க முடியாது. நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5 மி.மீ. இன்ஜின் மேலே சரியாக இருந்தும் கீழே கால் ஒடுங்கித் தெரியும். பெரும்பாலோர் இதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். கையாலேயே தண்டவாளம் பதிக்கத் துணிந்தவருக்கு ஷெட்டைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை: பாயின்ட் இரண்டு, வேகம் நடை வேகம். இன்னொரு வழி மீட்டர் கேஜ். 1904-இல் திறந்த கொல்லம்–செங்கோட்டைப் பாதை, 2010-இல் புனலூர்–செங்கோட்டைப் பகுதி மூடப்படும் வரை, மீட்டர் கேஜில் ஓடியது. அகலப்பாதையாகி முழுத்தடமும் திறந்தது 2018-இல். மீட்டர் கேஜ் 87-இல் 11.5 மி.மீ.; சுவிட்சர்லாந்து மலைப்பாதைகளுக்காக விற்கும் 12 மி.மீ. தண்டவாளம் ஏறக்குறையப் பொருந்திவிடும். மீட்டர் கேஜ் டீசல் இன்ஜினான ஒய்.டி.எம்.-4 நிற்கும் புனலூர்க் கற்பனை ஷெட் ஒன்று கட்டினால், பின்னணிக்கு மேற்குத் தொடர்ச்சி மலையே கிடைக்கிறது.

ஷெட்டின் உட்புறத்தில்தான் பொறுமை வேண்டும். நிஜ டீசல் ஷெட்டில் தரை ஒரே மட்டமாக இருக்காது. தண்டவாளம் தூண்கள்மேல் நிற்கும். இரண்டு பக்கமும் தரை தாழ்ந்திருப்பதால் ஃபிட்டர் நின்றபடியே போகியைத் தொடலாம். மேலே இன்ஜினின் பக்கக் கதவுகளைத் திறந்து வேலை பார்க்கத் தோதான உயரத்தில் மேடை. இந்த மூன்று மட்டத்தையும் காட்டினால் பார்ப்பவர் கண் நகராது. பலகையை வெட்டி பிட் எடுப்பது சிரமம். அடிப்பலகைமேல் தண்டவாளப் பகுதியை மட்டும் உயர்த்திக் கட்டினால் பள்ளம் தானாக வந்துவிடும். கூரையைக் கழற்றும்படி வையுங்கள். சுவருக்கு சன்போர்டு, அட்டை இந்த ஊர் ஈரத்தில் பூசணம் பிடிக்கும். பிளைவுட்டின் இரண்டு பக்கமும் பெயின்ட் அடிக்காவிட்டால் அடுத்த மழையில் வளையும்.

தரைக்கு நிறம் கொடுப்பதில் ஜல்லியை மறந்துவிடுங்கள். டீசல் குழாயைச் சுற்றி மின்னும் கருப்பு, அதைத் தாண்டி மங்கிய கருப்பு, பிரேக் தூசு விழும் தண்டவாள ஓரத்தில் துருப்பழுப்பு, மணல் கொட்டும் இடத்தில் வெளிறிய மஞ்சள். சுவரின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குப் பாசி. ஒவ்வொரு நிறமும் அங்கே நடந்த ஒரு வேலையின் கறை.

சத்தத்துக்கு நமக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. டபிள்யூ.டி.எம்.-2-இன் இதயம் அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் 16 சிலிண்டர் 251 இன்ஜின். 1969-இல் ஆல்கோ கடையை மூடிவிட்டாலும், அந்த இன்ஜின் வாரணாசியில் பல பத்தாண்டு தொடர்ந்தது. அமெரிக்க மாதிரி ரயில்காரர்களுக்காக 251-இன் ஒலியைப் பதிந்த டிஜிட்டல் டீகோடர்கள் விற்பனையில் இருக்கின்றன. காசு குறைவென்றால் மேற்கூரையும் பின்னணியும் காத்திருக்கட்டும். ஒரே ஒரு இன்ஜினுக்காவது அந்த டீகோடரை வாங்கிவிடுங்கள். ஷெட்டில் இன்ஜின் பெரும்பாலும் ஓடுவதில்லை, நின்று உறுமிக்கொண்டிருக்கிறது.