சிறு எண்ணெய் ஆலைக்கு எந்த அளவில் பில்டர் பிரஸ்?

காங்கேயம், வெள்ளகோவில், முத்தூர் வட்டாரங்களில் தென்னை வைத்திருக்கும் நம் அங்கத்தினர்கள், காயைக் காயாகவே விற்பதைக் காட்டிலும் பருப்பாக உலர்த்தி விற்பதும், பருப்பாக விற்பதைக் காட்டிலும் எண்ணெயாக ஆட்டி விற்பதும் கூடுதலான வருவாய் தரும் என்பதை நன்கு அறிவார்கள். ஆனால் எண்ணெயாக ஆட்டிய பலரும் ஓரிடத்தில் தடுமாறி நிற்கிறார்கள். செக்கிலிருந்து இறக்கியபோது மணமாக இருந்த எண்ணெய், புட்டியில் அடைத்துக் கடைக்குப் போன ஒரு வாரத்தில் அடியில் பழுப்பு மண்டியைக் காட்டுகிறது. வாங்கியவர் அதைக் கலப்படம் என்று எண்ணுகிறார். கடைக்காரர் புட்டியைத் திருப்பி அனுப்புகிறார். எண்ணெயில் குற்றம் ஒன்றுமில்லை, வடிகட்டியதில்தான் குறை. ஆகவே பில்டர் பிரஸ் எனப்படும் வடிகட்டும் இயந்திரத்தை வாங்கலாமா, வாங்கினால் எந்த அளவில் வாங்குவது என்னும் கேள்வி எழுகிறது. இதற்கு விடை காண, அவ்வியந்திரம் வேலை செய்யும் முறையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

மண்டி கண்ணுக்கு அழகில்லை என்பது மட்டுமன்று. அது நுண்ணிய பருப்புத் துகள். தன்னோடு ஈரத்தையும் பிடித்து வைத்திருப்பது. தேங்காயெண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம் என்னும் வகையைச் சேர்ந்தது. ஈரம் பட்டுக் கொழுப்பு உடையும்போது இந்த அமிலம் தனித்துப் பிரிந்து, எண்ணெய்க்குச் சவுக்காரச் சுவையை ஏற்றுகிறது. மண்டியுள்ள எண்ணெய் விரைவில் காறல் அடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பில்டர் பிரஸ் புதிய கண்டுபிடிப்பன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவின் சர்க்கரை ஆலைகளிலும் களிமண் தொழிலிலும் இது பயன்பட்டது. இரு பக்கமும் இரும்புத் தண்டுகள். அவற்றின்மீது வரிசையாகத் தட்டும் சட்டமும், தட்டும் சட்டமுமாக மாறி மாறித் தொங்கும். தட்டின் இரு முகங்களிலும் வரிப்பள்ளங்கள் உண்டு. சட்டம் நடுவே வெற்றிடமானது. ஒவ்வொரு தட்டின்மீதும் ஒரு துணி போர்த்தப்படும். கோடியில் உள்ள பெரிய திருகைச் சுழற்றினால் எல்லாம் ஒன்றோடொன்று நெருங்கி இறுகும். பம்பு தள்ளும் கலங்கல் எண்ணெய் சட்டத்தின் வெற்றிடத்தில் புகுந்து, துணியைக் கடந்து, தட்டின் பள்ளங்கள் வழியே இறங்கிக் குழாயில் தெளிவாக வரும். கசடு சட்டத்துக்குள்ளேயே வில்லையாகப் படிந்துவிடும்.

இங்கே பலரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. எண்ணெயைத் தெளியவைப்பது முக்கியமாகத் துணியன்று. துணியின்மேல் படியும் கசடே. துணியின் கண்கள் நுண்துகள்களைவிடப் பெரியவை. முதலில் வரும் எண்ணெய் கலங்கலாக இருப்பது அதனால்தான். அதைக் கண்டு இயந்திரம் பழுது என்று நிறுத்திவிடக் கூடாது. வந்த எண்ணெயை மீண்டும் தொட்டியிலேயே விட்டுச் சுற்றிவரச் செய்ய வேண்டும். சற்று நேரத்தில் துணியின்மேல் மெல்லிய ஏடு படிந்ததும், அந்த ஏடே வடிகட்டியாகிவிடும். கண்ணாடிக் குவளையில் பிடித்து, பின்னால் அச்செழுத்தை வைத்துப் பார்த்தால் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். அதன் பிறகே குழாயைச் சேமிப்புத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும்.

அந்த ஏடு அமைவதற்குப் பொறுமை வேண்டும். தொடக்கத்திலேயே பம்பை முழு வேகத்தில் விட்டால், ஏடு இறுகித் துணியின் கண்களை அடைத்துவிடும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் எண்ணெய் வராது. அழுத்தமானியில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குக் குறைவாகத் தொடங்கி, வில்லை தடிக்கத் தடிக்க அதுவாகவே ஏறும்படி விடுவது நன்று. சிறு இயந்திரத்தில் மூன்று கிலோ அளவை எட்டி, குழாயில் நூல்போல் வருமானால் சட்டம் நிறைந்துவிட்டது என்று பொருள். அப்போது பம்பை நிறுத்தி, அழுத்தம் முற்றிலும் இறங்கிய பின்னரே திருகைத் தளர்த்த வேண்டும். அழுத்தம் இருக்கும்போதே திருகைத் தொட்டால் சூடான எண்ணெய் முகத்தில் பீறிடும். இந்த ஒன்றில் மட்டும் அவசரம் ஆகவே ஆகாது.

எண்ணெயின் சூடும் கவனிக்கத்தக்கது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் பம்பை ஓட்டுவது வீண் வேலை. அதே சமயம், எக்ஸ்பெல்லரிலிருந்து கொதிக்கக் கொதிக்க வந்த எண்ணெயை உடனே வடிப்பதும் தவறு. சூட்டில் கரைந்திருக்கும் பிசின் போன்ற பொருள்கள் துணியைக் கடந்து சென்று, ஆறிய பின் புட்டியில் கலங்கலாகத் தோன்றும். குறைந்தது ஒரு நாள் தெளியவிட்டு, 35 முதல் 40 டிகிரி வரையிலான இளஞ்சூட்டில் வடிப்பதே ஏற்றது. மரச்செக்கு எண்ணெய்க்கு இரண்டு மூன்று நாள் தெளிவு வேண்டும். தெளியும் தொட்டியை மூடி வைக்கவும் மறவாதீர்கள். ஆடிக் காற்று நம் ஊரில் யாரையும் கேட்டுக்கொண்டு வீசுவதில்லை.

சிறிய அளவில் இந்த இயந்திரத்தைத் திறமையாகக் கையாள்வோரில் கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தாரையும், அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தாரையும் குறிப்பிடலாம். அங்கே மேப்பிள் மரத்தில் துளையிட்டு, இங்கே பதநீர் இறக்குவதுபோல் இனிப்பு நீரை எடுத்துக் காய்ச்சிப் பாகாக்குகிறார்கள். சுமார் 40 லிட்டர் நீரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். காய்ச்சும்போது சுண்ணச் சத்து மணல்போல் பிரிந்து பாகைக் கலக்கும். அதை நீக்க, குடும்பத் தொழிலாகச் செய்வோர்கூட ஏழு அங்குலத் தட்டுகள் கொண்ட சிறு பில்டர் பிரஸ்களை வைத்திருக்கிறார்கள். சில கையால் இயக்கப்படுபவை. பாகை ஆறவிடாமல் சூட்டிலேயே வடிக்கிறார்கள். அந்த மணல் துணியை எளிதில் அடைக்குமாகையால், டயட்டம் என்னும் நுண்பாசியின் ஓடுகளால் ஆன மண்பொடியைப் பாகில் கலந்து ஏட்டை உண்டாக்கிக்கொள்கிறார்கள். நமக்கு அந்தப் பொடி பெரும்பாலும் வேண்டுவதில்லை. பருப்புத் துகளே ஏடாகிவிடும். நாம் அவர்களிடம் கற்க வேண்டியது, காய்ச்சும் அளவுக்கு ஏற்ற இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் சிக்கனத்தைத்தான்.

அந்தச் சிக்கனத்தைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். ஓர் அங்கத்தினர் வாரத்துக்கு 250 லிட்டர் எண்ணெய் ஆட்டுகிறார் என்க. அதற்கு ஏறக்குறைய 380 கிலோ பருப்பு, அதாவது 2,500 காய்களுக்கு மேல் வேண்டும். தெளியவிட்ட பிறகும் நூறு லிட்டருக்கு இரண்டு லிட்டர் கசடு நிற்குமானால், வாரத்துக்கு ஐந்து லிட்டர் வில்லை சேரும். எட்டு அங்குலச் சதுரத்தில், இரண்டு சென்டிமீட்டர் ஆழமுள்ள சட்டம் ஒன்று முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகமாகக் கொள்ளும். ஆறு சட்டங்கள் ஐந்து லிட்டரைக் கொள்ளும். ஒரு வாரத்து எண்ணெய் ஒரே ஓட்டத்தில் முடிந்து, சட்டங்களும் நிறைந்து, வில்லை கெட்டியாகத் தட்டில் விழும்.

இதே எண்ணெயைப் பதினெட்டு அங்குலத்தில் பன்னிரண்டு சட்டங்கள் கொண்ட பெரிய இயந்திரத்தில் விட்டால் என்ன ஆகும்? அதன் சட்டங்கள் மொத்தம் 50 லிட்டர் கொள்ளும். நம் கசடு ஐந்து லிட்டர் மட்டுமே. அது ஒரு மில்லிமீட்டர் கனத்தில் எல்லாத் துணிகளிலும் பூசிக்கொண்டு நிற்கும், வில்லையாக விழாது. எஞ்சிய 45 லிட்டர் இடத்தில் வடிகட்டப்படாத எண்ணெயே தேங்கும். திருகைத் தளர்த்தியதும் அது கீழே தட்டத்தில் வழியும். போதாததற்கு இருபதுக்கும் மேற்பட்ட பெரிய துணி முகங்கள் எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். வாரந்தோறும் இப்படி நடந்தால் இலாபத்தைத் துணி துவைக்கும் தொட்டியில் தேட வேண்டியதுதான்.

இதை விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. 2020இல் மைய அரசு தொடங்கிய குறு உணவுத் தொழில் முறைப்படுத்தும் திட்டத்தில், தனியார் குறுந்தொழிலுக்கு 35 விழுக்காடு, பத்து லட்சம் ரூபாய் உச்சவரம்பு வரை, கடனோடு இணைந்த மானியம் வகுக்கப்பட்டது. மானியம் நல்லதே. ஆனால் மானியம் கிடைக்கிறது என்பதற்காக இயந்திரத்தைப் பெரிதாக வாங்குவது நம் கையிலிருந்து போகும் மீதிப் பணத்தை மறந்த செயல். பெரிய இயந்திரத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ‘மூடுதட்டு’ ஒன்றைக் கேட்டு வாங்கி இடையில் செருகிக்கொள்ளலாம். அதற்கு அப்பாலுள்ள சட்டங்களுக்கு எண்ணெய் போகாது. மூன்று சட்டம் வேண்டுமானால் மூன்றிலேயே வேலை முடியும்.

வாரத்துக்கு முப்பது நாற்பது லிட்டர் ஆட்டுபவருக்கு இந்த இயந்திரமே தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். உயரமான துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் குழாய் வைத்துத் தெளிவை மட்டும் இறக்கி, துணிப்பையில் சொட்டவிட்டால் போதும். அல்லது பத்துப் பேர் சேர்ந்து சங்கத்தின் மூலம் ஒரே இயந்திரத்தை அமைத்து முறை வைத்துக்கொள்ளலாம். அவ்வாறு செய்யும்போது ஒருவருடைய எண்ணெய் மற்றவருடையதோடு கலப்பதால், யார் பருப்பு எப்படி உலர்ந்தது என்பது எல்லோருடைய கவலையும் ஆகிவிடுகிறது.

ஏனெனில் உலர்த்துவதில் செய்த தவறை எந்த இயந்திரமும் திருத்தாது. அரவைப் பருப்பில் ஈரம் ஆறு விழுக்காட்டுக்கு மேல் இருத்தலாகாது. ஈரப் பருப்பை ஆட்டினால் வழவழப்பான பசை எண்ணெயில் இறங்கித் துணியை அடைக்கும். துணி அடிக்கடி அடைத்துக்கொண்டால் பம்பைக் குறை சொல்லாமல் களத்தைப் போய்ப் பாருங்கள். எண்ணெயில் கரைந்த ஈரமும் ஏறிவிட்ட காறலும் துணியில் நிற்பவை அல்ல. பூசணம் பிடித்த பருப்பின் நஞ்சுக்கும், கந்தகப் புகை போட்ட பருப்பின் வாடைக்கும் பில்டர் பிரஸ் பரிகாரம் ஆகாது. தெளிந்த எண்ணெய் எல்லாம் நல்ல எண்ணெய் என்று நம்பி வாங்குவோரை நாம் ஏமாற்றக் கூடாது.

இனித் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்; நெசவாள அங்கத்தினர்களுக்கு இதில் அக்கறை இருக்கும். சாதா நெசவுத் துணி நுண்துகளை நன்றாகப் பிடிக்கும். ஆனால் விரைவில் அடைத்துக்கொள்ளும். சாய்வரி விழும் ட்வில் நெசவில் வில்லை எளிதாகக் கழன்று விழும். எண்ணெய் ஆலைக்குக் கனத்த ட்வில்லே பெரும்பாலும் பொருந்தும். தற்போது பாலிப்ரோபிலீன் இழைத் துணிகளும் மிகுதியாக விற்கின்றன. அவை சுருங்குவதில்லை, ஈரம் குடிப்பதில்லை. பருத்தித் துணி வாங்கினால், பாவில் ஏற்றிய கஞ்சி முழுதும் போகும்படி வெந்நீரில் இருமுறை துவைத்து, சுருங்க வேண்டியது சுருங்கிய பின்னரே தட்டின் அளவுக்கு வெட்டித் துளையிட வேண்டும். வெட்டிய பிறகு துவைத்தால் துளைகள் இடம் மாறி, எண்ணெய் பக்கவாட்டில் ஒழுகும். ஒரு மடிப்பு விழுந்தாலும் அவ்வாறே ஒழுகும்.

வில்லையை மரக் கரண்டியால் வழித்தெடுக்க வேண்டும். இரும்புக் கத்தி துணியைக் கிழிக்கும். வில்லையில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் எண்ணெய் நிற்குமாகையால், அதை எறியாமல் அடுத்த ஆட்டத்தில் பருப்போடு கலந்து ஆட்டிவிடலாம். நாள்கணக்கில் வைத்திருந்தால் காறல் ஏறும். துணியை அன்றைக்கே சலவைச் சோடா கலந்த வெந்நீரில் துவைத்து, நல்ல நீரில் அலசி, வெயிலில் மொரமொரவென்று காய வைக்க வேண்டும். அரை ஈரத் துணியைப் போர்த்தினால் அந்த நீர் எண்ணெயில்தான் சேரும். பித்தளை, செம்புக் குழாய்கள் காறலை விரைவுபடுத்துமாகையால் அவற்றைத் தவிர்த்து எஃகுக் குழாயே வைத்துக்கொள்ள வேண்டும். பம்புக்கு முன்னால் கம்பி வலை ஒன்றும், ஒன்று காயும்போது மற்றொன்று வேலை செய்ய இரண்டு கட்டுத் துணிகளும் இயந்திரத்தோடு சேர்த்தே வாங்கிவிடுவது நலம்.