பூனையின் வாய்ப்புண்

குதிரிலும் களஞ்சியத்திலும் சேமித்த தானியத்தை எலிகளிடமிருந்து காப்பதில் பூனைக்கும் பங்குண்டு என்பதை உழவர் பெருமக்கள் நன்கு அறிவர். ஆயினும் அப்பூனை வாயில் நீர் ஒழுக நின்றால், சிலர் வெறி பிடித்ததெனக் கருதி அடித்துக் கொல்கின்றனர். சிலர் முள் குத்தியதெனக் கருதி வாய்க்குள் விரலை விடுகின்றனர். இவ்விரண்டும் தவறாகும்.

நோயின் தன்மை

பூனைகளுக்கு நாள்பட்ட வாய் அழற்சி என்றொரு நோய் உண்டு. ஈறுகளும், தாடைகள் சேரும் உள்வாய்ப் பகுதியும் சிவந்து வீங்கிப் புண்ணாகின்றன. பற்களில் படியும் அழுக்கையும் கிருமிகளையும் எதிர்க்க வேண்டிய உடலின் தற்காப்பு ஆற்றல் அளவு மீறிச் செயற்பட்டு, வாயையே புண்ணாக்குகின்றது என மருத்துவர்கள் கருதுகின்றனர். நோயுற்ற பூனைகள் பலவற்றில் கலிசி வைரஸ் என்னும் நச்சுயிரி காணப்படுகின்றது. பல பூனைகள் ஒன்றாக வாழுமிடத்தில் இந்நோய் மிகுதி. இந்நச்சுயிரி மனிதரையோ மாடுகளையோ பற்றுவதில்லை.

அறிகுறிகள்

பசியோடு உணவை நெருங்கும் பூனை, வாய் வைத்ததும் வலியால் சீறி விலகும். எச்சில் ஒழுகும், சில வேளை இரத்தமும் கலந்திருக்கும். வாய் நாறும். உடலை நக்கித் தூய்மை செய்யாமையால் மயிர் சடை பிடிக்கும். மாதக்கணக்கில் மெலிந்துகொண்டே போகும்.

எச்சரிக்கை

வெறிநோயிலும் எச்சில் ஒழுகும். திடீரெனக் குணம் மாறுதல், காரணமின்றிப் பாய்ந்து கடித்தல், தள்ளாடுதல், தாடை தொங்குதல் ஆகியன அந்நோயின் குறிகள். எந்நோய் எனத் துணிவது மருத்துவர் பணி. ஆதலின் எச்சில் ஒழுகும் பூனையின் வாயைத் தொடலாகாது. கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைந்து தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

மருத்துவம்

நாம் உண்ணும் பாரசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்தல் கூடாது. ஒரு மாத்திரையே உயிரைப் போக்கிவிடும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் முதலியன தடவுவதும் தீங்கே. மருந்துகள் வலியையும் வீக்கத்தையும் தணிக்கும். வளர்ந்த பூனைக்குள்ள 30 பற்களில் கடைவாய்ப் பற்களையும், தேவைப்படின் எல்லாப் பற்களையும் மயக்க மருந்து கொடுத்து அகற்றுவதே முதன்மையான சிகிச்சை. இதனால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பூனைகள் முழுமையாகவோ பெருமளவிலோ குணமடைகின்றன. ஏனையவற்றுக்குத் தொடர்ந்து மருந்து தேவைப்படும். பற்கள் அகற்றப்பட்ட பூனை பிசைந்த சோற்றையும் மீனையும் நன்கு உண்ணும். கோரைப் பற்களை விட்டு வைக்க இயலுமாயின் எலி பிடிக்கவும் தடையில்லை.

ஊராட்சியின் கடமை

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் கால்நடை மருத்துவரைக் கலந்து, வெறிநோய்த் தடுப்பூசி முகாம்களுக்கு நாய்களோடு பூனைகளையும் கொண்டுவரச் செய்தல் வேண்டும். அம்முகாமிலேயே பூனைகளின் வாயையும் பார்க்கச் சொன்னால், நோயைத் தொடக்கத்திலேயே அறியலாம். வீட்டைக் காக்கும் சிற்றுயிரும் வாழும். வீட்டிலுள்ள குழந்தைகளும் அச்சமின்றி வாழ்வர்.