காற்றுக்குக் கிரையப் பத்திரமா?

அரை ஏக்கர் தோட்டம் வாங்குவதானாலும் முப்பது வருஷத்து வில்லங்கம் பார்த்து, மூலப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டி, நாலு எல்லையையும் நடந்து அளந்த பிறகே முன்பணம் கொடுக்கிற நம் கொங்கு நாட்டார், அன்னூரிலும் பல்லடத்திலும் மாடிக்கு மாடி ஆண்டெனா மாட்டி இண்டர்நெட் கொடுக்கும் சிறு தொழிலொன்றை வாங்கும்போது மட்டும், முத்திரைத் தாளில் "அலைவரிசை உரிமையும் லைசென்ஸும் இதில் அடக்கம்" என்ற ஒரு வரியை நம்பி லட்சங்களைக் கொடுத்துவிடுகிறார்கள். என்னிடம் காட்டப்பட்ட அத்தகைய பத்திரங்களில் ஒன்றாவது செல்லத்தக்கதாக இருந்ததில்லை.

இத்தொழிலில் உபயோகிக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி 2018 அக்டோபரிலும் அலைவரிசை உரிமம் தேவையில்லாதவையாக அறிவிக்கப்பட்டன. நிர்ணயித்த சக்தி வரம்புக்குள் எவரும் உபயோகிக்கலாம். பக்கத்து மாடிக்காரரின் கருவி இடையூறு செய்தால் பாதுகாப்புக் கோர முடியாது. ஒருவருக்கும் சொந்தமில்லாததை விற்பது எங்ஙனம்? 2015 அக்டோபர் விதிகளின்படி அலைக்கற்றையைக் கைமாற்றும் பாத்தியதை பெரிய தொலைபேசி நிறுவனங்களுக்கே உண்டு. அவையும் 45 நாள் முன்னதாக சர்க்காருக்கு அறிவித்தாக வேண்டும். அப்படியும் சிக்கல் வரலாம்: ஏர்செல் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு தொலைத்தொடர்பு வட்டங்களின் 4ஜி அலைக்கற்றையை 2016-ல் 3,500 கோடி ரூபாய்க்கு ஏர்டெல்லுக்கு விற்றதன் பாக்கித் தகராறு, 2024 ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது.

ஆனால் பட்டை இலவசமாயிருப்பதால் தொழிலுக்கும் அனுமதி வேண்டாமென்று எண்ணிவிடாதீர்கள். இணைய சேவை உரிமம் கட்டாயம். அது ஏ, பி, சி என மூன்று வகைப்படும். சி வகை பழைய தொலைபேசி மாவட்ட எல்லைக்குள் அடங்குவதால், கோவைக்குப் பெற்றது ஈரோட்டுக்குச் செல்லாது. தொலைத்தொடர்புத் துறையின் முன்கூட்டிய எழுத்துமூலமான சம்மதமின்றி உரிமத்தைப் பிறருக்கு மாற்றவோ, உள்குத்தகைக்கு விடவோ கூடாது. நிறுவனங்களை இணைத்து மாற்றுவதானால் சென்னையிலுள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் அமர்வும் அந்தத் திட்டத்தை அங்கீகரிக்க வேண்டும். சிறு முதலுக்கு இவ்வழி சுமை. ஆகவே நான் சொல்வது: ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, "சரள் சஞ்சார்" இணையத்தளத்தில் உங்கள் பெயரிலேயே புது உரிமத்துக்கு விண்ணப்பித்து, அது கைக்கு வந்தபின் பழையவரிடம் கருவிகளையும் கம்பங்களையும் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கருவி ஒவ்வொன்றுக்கும் பில்லும், அதே மாடல் எண்ணுக்குரிய கருவி வகை அங்கீகாரச் சான்றும் கேட்டு வாங்குங்கள். உரிமக் கட்டணம் பாக்கியில்லை என்பதற்கு ரசீதும் கேளுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: பிறர் உரிமத்தில் தொழில் நடத்தாதீர்கள். அனுமதியின்றிச் சேவை நடத்துவோருக்கு 2023-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டம் மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதமோ, இரண்டும் சேர்த்தோ விதிக்கிறது. இதைத் தமிழில் விளங்கச் சொல்வது அதிகாரிகள் கடமை. ஆங்கிலப் படிவத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு ஒதுங்குவது தகாது.

ஏற்கெனவே ஏமாந்திருப்பவர்கள் வங்கிக் கணக்கு விவரத்தையும் பத்திரத்தையும் பத்திரப்படுத்துங்கள். இரு தரப்பாரும் உரிமதாரர்களானால் சேவைத் தகராறு டெல்லியிலுள்ள தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்துக்குரியது. உரிமமே இல்லாதவரிடம் பணம் போயிருந்தால் கோவை சிவில் நீதிமன்றத்தையும் போலீஸையும் நாடுங்கள்.