எலும்பில் விளைந்த படிகம்

உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் படித்தவர்களுக்கு ஹோப் கருவி நினைவிருக்கும். நீர் நிரம்பிய ஓர் உயரமான உருளை. அதன் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு தொட்டி. தொட்டியில் பனிக்கட்டியும் உப்பும் சேர்ந்த உறைகலவை. உருளையின் மேலும் கீழும் இரண்டு வெப்பமானிகள். கீழ் வெப்பமானி 4° செ. வரை இறங்கி அங்கேயே நின்றுவிடும். அதன் பிறகே மேல் வெப்பமானி 0° வரை இறங்கும். 4 டிகிரியில்தான் நீரின் அடர்த்தி மிக அதிகம் என்பதை இவ்வாறு காட்டியவர், எடின்பரோவில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் சார்லஸ் ஹோப் (1766–1844).

இவருடைய பெயரைத் தாங்கிய கனிமம் ஒன்றும் உண்டு. அதுதான் ஹோப்பைட்டு. 1820-களில் அதற்குப் பெயரிட்டவரும் நமக்குப் புதியவர் அல்லர்; ஒளியின் தளவிளைவு பற்றிய விதியைக் கண்டவரும், கலைடாஸ்கோப்பை அமைத்தவருமான டேவிட் புரூஸ்டரே அவர்.

இயல்புகள்

ஹோப்பைட்டு என்பது நீரேறிய துத்தநாகப் பாஸ்பேட்டு. இதில் மூன்று துத்தநாக அணுக்களுக்கு இரண்டு பாஸ்பேட்டுத் தொகுதிகளும் நான்கு நீர் மூலக்கூறுகளும் உள்ளன. படிகங்கள் நிறமற்றோ, வெண்மையாகவோ, வெளிர் மஞ்சளாகவோ இருக்கும், கண்ணாடிபோல் பளபளக்கும். ஆனால் உறுதி குறைவு. கடினத்தன்மை மோ அளவில் 3-க்குச் சற்றே மேல். பேனாக்கத்தி எளிதில் கீறிவிடும். ஒப்படர்த்தி ஏறத்தாழ 3.1. அமிலத்தில் கரையும், சூடாக்கினால் நீரை இழக்கும்.

இதற்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு. பாராஹோப்பைட்டு எனப்படும் அதன் வேதியியல் இயைபு இதுவே. அணுக்கள் அடுக்கப்பட்ட முறை மட்டும் வேறு. வைரமும் கிராபைட்டும் ஒரே கரியாக இருந்தும் வேறுபடுவது போன்றதே இது.

ஏன் அரிது?

துத்தநாகம் அரிய உலோகம் அன்று. பாஸ்பேட்டும் அரிய பொருள் அன்று. இயற்கையில் இவ்விரண்டும் சந்திப்பதுதான் அரிது. துத்தநாகம் பெரும்பாலும் சல்பைடாகவே பூமிக்குள் கிடக்கிறது. காற்றும் நீரும் பட்டு அது கரையும்போது, சுண்ணாம்புப் பாறையைச் சந்தித்துக் கார்பனேட்டாகவோ, சிலிக்காவோடு கூடிச் சிலிக்கேட்டாகவோ மாறிவிடுகிறது. பாஸ்பேட்டையோ கால்சியம் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவேதான் ஹோப்பைட்டு முதலில் கிடைத்த இடமும் ஒரு துத்தநாகச் சுரங்கமாக இருந்தது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள மோர்ஸ்னே பகுதியின் ஆல்டன்பெர்க் சுரங்கம் அது.

எலும்புக் குகை

இந்தச் சந்திப்பு மிகச் சிறப்பாக நிகழ்ந்த இடம் ஆப்பிரிக்காவில், ஜாம்பியா நாட்டின் கப்வே நகரம். ஆங்கிலேயர் ஆட்சியில் அதற்குப் புரோக்கன் ஹில் என்று பெயர். அங்கிருந்த ஈய, துத்தநாகக் குன்று ஒன்றினுள் ஒரு குகை. குகை நிறைய விலங்குகளின் எலும்புகள். எலும்பின் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட்டு அல்லவா? பாறையில் ஊறிவந்த துத்தநாக நீர் அந்த எலும்புகளை நனைத்தது. கால்சியத்தின் பிடியிலிருந்த பாஸ்பேட்டு மெல்ல மெல்லத் துத்தநாகத்தோடு சேர்ந்து படிகமாயிற்று. இங்கிருந்து கிடைத்த ஹோப்பைட்டையும், பாராஹோப்பைட்டு, டார்பட்டைட்டு என்னும் புதிய கனிமங்களையும் 1907–08-இல் எல். ஜே. ஸ்பென்சர் ஆராய்ந்து விவரித்தார்.

1921-இல் அதே குன்றைத் தோண்டியபோது, பழங்கால மனிதனின் மண்டையோடு ஒன்று ஏறக்குறைய முழுமையாக வெளிப்பட்டது. ஆனால் உலோகத்தைத் தேடிய சுரங்கம் குன்றையே தின்றுவிட்டது. மண்டையோடு எந்த அடுக்கில் கிடந்தது என்பதை யாரும் சரியாகக் குறித்து வைக்கவில்லை. அடுக்கு தெரியாமல் வயதைக் கணிப்பது கடினம். மண்டையோட்டையே நேரடியாக ஆராய்ந்து, அது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுப் பழமையானது என்று 2020-இல்தான் அறிவித்தார்கள். கப்வே சுரங்கம் 1994-இல் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற ஈயமோ இன்றும் அவ்வூர் மண்ணில் இருந்து குழந்தைகளின் உடலில் ஏறுகிறது. எலும்பில் உலோகம் ஊறுவது அங்கே பழங்கதை மட்டும் அன்று.

தொழிற்சாலையில்

குகையில் நெடுங்காலம் எடுத்த வேலையைத் தொழிற்சாலையில் சில நிமிடங்களில் செய்கிறோம். கார்களின் எஃகுத் தகடுகளுக்கு வர்ணம் பூசுமுன், துத்தநாகமும் பாஸ்பாரிக் அமிலமும் கலந்த கரைசலில் அவற்றை நனைக்கிறார்கள். அமிலம் இரும்பைச் சிறிது அரிக்கும், ஹைடிரஜன் வெளிப்படும். அதனால் தகட்டை ஒட்டியுள்ள கரைசலில் அமிலத்தன்மை குறைகிறது. அமிலம் குறைந்த இடத்தில் துத்தநாகப் பாஸ்பேட்டால் கரைந்திருக்க இயலாது. தகட்டின்மேலேயே நுண்ணிய படிகங்களாகப் படிந்துவிடும். அவற்றுள் ஒன்று நம் ஹோப்பைட்டு. மற்றொன்று, இரும்பும் சேர்ந்த பாஸ்போபில்லைட்டு. சில மைக்ரான் கனமே உள்ள இச்சொரசொரப்பான படலம் வர்ணத்தைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும், துருவையும் தடுக்கும்.

ஆகவே அரியது பொருள் அன்று; அது பிறப்பதற்கான சூழ்நிலையே. அச்சூழ்நிலையை அறிந்துகொண்டதால் படிகத்தை நாம் வேண்டிய அளவு ஆக்கிக்கொள்ளலாம். வெட்டி எறிந்த குகையை மட்டும் மீண்டும் ஆக்க முடியாது.