தண்டவாளமும் ரப்பர் சக்கரமும்



தைப்பூசத்திற்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்குச் சென்றுவந்த குடும்பங்கள் நம் தோட்டங்களில் பல உண்டு. அந்த ஜார்ஜ் டவுன் நகரில் நூறு ஆண்டுகளுக்கு முன் மக்கள் எதில் ஏறிச் சென்றார்கள்? அந்தக் கதையில் நம் பால்மரத்திற்கும் பங்குண்டு.

1880களில் அங்கே நீராவியால் ஓடும் டிராம் வண்டி வந்தது. தெருவில் பதித்த தண்டவாளத்தின் மேல் ஓடும் சிறு ரயில் என்று அதனைச் சொல்லலாம். 1906ஆம் ஆண்டில் நகராண்மைக் கழகமே மின்சார டிராமை ஓட்டத் தொடங்கியது. ஆயர் ஈத்தாம் வரை அது சென்றது.

மின்சார டிராமுக்கு மேலே ஒரே ஒரு கம்பி போதும். கம்பி வழியே வரும் மின்சாரம் வண்டியை இயக்கிவிட்டு, இரும்புச் சக்கரத்தின் வழியே தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிப் போய்விடும். ஆனால், தண்டவாளத்தைப் பழுதுபார்க்கச் செலவு அதிகம். வழியில் ஒரு மாட்டுவண்டி நின்றுவிட்டால் டிராமும் நிற்க வேண்டியதுதான். விலகிப் போக முடியாது.

ஆகவே 1925இல் டிராலி பஸ் வந்தது. அதுவும் மின்சாரத்தில் ஓடியது. ஆனால் அதற்கு ரப்பர் சக்கரம். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். அப்படியானால் மின்சாரம் எப்படித் திரும்பும்? அதற்காகவே மேலே இரண்டு கம்பிகள் கட்டினார்கள். ஒன்றில் வந்து மற்றொன்றில் போயிற்று. வழியில் தடை இருந்தால் வண்டி சற்று ஒதுங்கியும் சென்றது.

1936இல் டிராம் நின்றது. 1961இல் டிராலி பஸ்ஸும் நின்றது. கம்பியே வேண்டாத எண்ணெய் பஸ்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. அவற்றுக்கும் ரப்பர் சக்கரம்தான்.

நேயர்களே, 1920களில் உலக ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்து சென்றது. விடியுமுன் எழுந்து நம் தாத்தாவும் பாட்டியும் வெட்டிய பால், நகரங்களின் சக்கரமாயிற்று. அவர்களோ பஸ் பிடிக்கத் தோட்டத்துச் செம்மண் பாதையில் பெருஞ்சாலை வரை நடந்தார்கள்.

பின்னாளில் சொந்த மோட்டார் சைக்கிளும் காரும் பெருகின. பஸ்ஸில் ஏறுவோர் குறைந்தனர். 1990களின் இறுதியில் நகராண்மைக் கழகத்தின் பஸ்களும் நின்றன. வண்டி வைத்திருப்பவருக்கு அது சிறு செய்தி. மருத்துவமனைக்குச் செல்லும் மூதாட்டிக்கும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் அப்படியன்று. 2007இல் ரேப்பிட் பினாங்கு பேருந்துகள் வந்தன. 2009இல் நகர மையத்தில் இலவசப் பேருந்தும் தொடங்கியது.

பொது வண்டி என்பது வசதியற்றவருக்கும் வழிவிடும் கதவு. அந்தக் கதவு திறந்திருக்க வேண்டுமானால் நாம் அதனைப் பயன்படுத்த வேண்டும். வராத இடத்திற்கு வேண்டுமென்று கேட்கவும் வேண்டும். கேட்கும் உரிமை நமக்கும் உண்டு. அந்தச் சக்கரத்தில் நம் முன்னோரின் வியர்வையும் கலந்திருக்கிறது.