சூடேறும் வண்டியும் எச்சவினையும்

மொழியைப் பற்றிய பொழிவு வரிசையில் பழைய மகிழுந்தின் எந்திரத்தைப் பற்றிப் பேச முற்படுவது அவையோர் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், நாம் பல்லாண்டு வகுப்பறையில் கற்பித்த ஓர் இலக்கணச் செய்தியின் முழுப் பயனை ஒரு வண்டிப் பட்டறையில்தான் உணர்ந்தோம்.

நம்மிடம் 1.3 லிட்டர் எந்திரம் கொண்ட பழைய புரோட்டோன் சாகா ஒன்று இருந்தது. 1985இல் நம் நாட்டுச் சாலைகளுக்கு வந்த, மிட்சுபிசி வடிவமைப்பைத் தழுவிய வண்டி வகை அது. ஒருநாள் கோம்பாக்கைக் கடந்து கெந்திங் செம்பா நோக்கிக் காராக் நெடுஞ்சாலையில் ஏறுகையில் வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பட்டறைக்குச் சென்று, "வண்டி சூடாகிறது" என்றோம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு அனுப்பினர். சில வாரங்களில் மீண்டும் அதே வாக்கியத்தைச் சொன்னோம். தண்ணீர்ப் பம்பு புதிதாயிற்று. மூன்றாம் முறை அதே ஏற்றத்தில் மூடிக்கடியிலிருந்து நீராவி எழுந்தது. வார்ப்பிரும்பைவிட அலுமினியம் ஏறத்தாழ இருமடங்கு விரியும் தன்மையுடையது. அதனால் இரும்புக் கட்டையின் மேல் அமர்ந்திருந்த அலுமினியத் தலை வளைந்து, இடையிலிருந்த ஹெட் கேஸ்கெட்டும் கெட்டது. ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது சிறு செலவன்று.

வேறொரு பட்டறையில் இருந்த மூத்த போமன், எந்திர மூடியைத் திறப்பதற்கு முன்பே ஒன்று கேட்டார்: "ஐயா, நிக்கும்போது சூடாவுதா, ஏறும்போது சூடாவுதா?" (போமன் என்பது மேற்பார்வையாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் மலாயில் திரிந்து நம் பேச்சுக்கு வந்த வடிவம். அகராதியில் இடம்பெறத் தகுந்தது என்பது நம் கருத்து.)

'சூடாகிறது' என்பது வினைமுற்று. வாக்கியம் அதனோடு நிறைவுறுகிறது. ஆனால் அதில் நோயைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. 'நிற்கும்போது' என்பதிலுள்ள 'நிற்கும்' பெயரெச்சம். 'ஏறினால்' என்பது வினையெச்சம். தனித்து நில்லாத இவ்வெச்சங்களில்தான் நோயின் முகவரி இருக்கிறது. இருமுறையும் நாம் முற்றை மட்டும் சொல்லி, எச்சத்தை வீட்டிலேயே விட்டுச் சென்றிருந்தோம்.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நெரிசலில் நிற்கும்போது அந்தக் காற்று இல்லை. மின்விசிறி ஒன்றே துணை. ஆகவே, கோலாலம்பூர் நெரிசலில் ஏறும் முள், நெடுஞ்சாலையில் வேகமெடுத்தவுடன் இறங்குமாயின், விசிறியின் மோட்டாரையோ, அதன் ஃபியூசையோ, வெப்பம் உணர்ந்து விசிறியை இயக்கும் சுவிட்சையோதான் முதலில் ஐயுற வேண்டும்.

நெரிசலில் அமைதியாக இருந்து, ஏற்றத்திலும் வேகத்திலும் சூடேறினால் கதை வேறு. காற்று போதுமான அளவு வருகிறது. நீர்தான் போதுமான அளவு ஓடவில்லை. உள்ளே அடைபட்ட ரேடியேட்டர், உறிஞ்சும் விசையால் ஒட்டிப்போகும் கீழ்க்குழாய், அரித்துப்போன பம்பு இதழ்கள், வழுக்கும் பெல்ட் ஆகியவை இவ்வகையின. குளிர்ந்த வண்டி, கிளப்பிய சில நிமிடங்களிலேயே சூடேறினால் நீர் குறைந்திருக்கலாம். அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம். பொதுவாக 82 முதல் 88 பாகை செல்சியசு அளவில் திறக்க வேண்டிய கதவு அது. அதைக் கழற்றி எறிவது மருந்தன்று. எந்திரம் உரிய வெப்பத்தை அடையாமல் எரிபொருளை வீணாக்கும்.

நீர் குறைவதைச் சொல்லும்போதும் தமிழ் நமக்கு வேண்டிய சொற்களைத் தந்திருக்கிறது. குழாய் இணைப்பில் ஈரம் படர்ந்தால் கசிகிறது. பம்பின் அடியில் துளி துளியாக விழுந்தால் சொட்டுகிறது. வெடித்த குழாயிலிருந்து ஒழுகுகிறது. தரையில் ஈரமே இல்லாமல் நாள்தோறும் குறைந்தால் அது வற்றுகிறது. இந்த நான்காம் சொல்லே அஞ்சத்தக்கது. கெட்டுப்போன கேஸ்கெட் வழியாக நீர் எரியறைக்குள் புகுந்து, வெண்புகையாக வெளியேறிக்கொண்டிருக்கலாம். எண்ணெய், பால் கலந்த காப்பியைப் போல நிறம் மாறியிருந்தால் ஐயம் உறுதிப்படும். "தண்ணி குறையுது" என்று நான்கையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம்.

போமன் அடுத்துச் செய்தது எளிய சோதனை. வண்டியைச் சூடேற்றி, எந்திரத்தை அணைத்து, விசிறியின் மின்னிணைப்பையும் கழற்றிவிட்டு (அணைத்த பின்னும் சில விசிறிகள் தாமே சுழலும்), ரேடியேட்டரின் முகத்தை உள்ளங்கையால் மெல்லத் தடவினார். மேற்பகுதி சுட்டது; நடுவில் இரு பட்டைகள் குளிர்ந்திருந்தன. அவ்விடங்களில் நீர் ஓடவில்லை. மறுநாள் கழற்றிப் பார்த்தபோது உள்ளே துருச்சேறு.

அச்சேற்றுக்கு நாமே பொறுப்பு. நம் நாட்டில் நீர் உறையாது. ஆகவே கூலன்ட் எதற்கு என்று எண்ணிப் பல்லாண்டாகக் குழாய்நீரையே ஊற்றி வந்தோம். உறைவதைத் தடுப்பது அதன் ஒரு பணியே. உலோகம் அரிக்கப்படாமல் காப்பது மற்றொன்று. பனிநாட்டுக் கையேடுகள், வண்டி கொதித்தால் உள்வெப்பமூட்டியைத் திறந்துவைக்கச் சொல்லும். வெப்பமூட்டியே இல்லாமல் விற்கப்பட்ட நம் பழைய வண்டிகளுக்கு அவ்வறிவுரை பயன்படாது. குளிரூட்டியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, எந்திரத்தை நிறுத்துவதே நம்மால் இயலும்.

அப்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. அம்மூடி சுமார் 0.9 பார் அழுத்தத்தை உள்ளே தாங்குவதால் நீர் 100 பாகையில் கொதிக்காமல் ஏறத்தாழ 118 பாகை வரை தாக்குப்பிடிக்கிறது. சூட்டில் திறந்தால் அழுத்தம் நீங்கி, அவ்வளவு நீரும் ஒருசேரக் கொதித்து முகத்தில் பீறிடும். அரை மணி நேரமேனும் பொறுக்க வேண்டும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தாலும் வண்டி கொதிக்கும் என்பதால், விலை மலிவான அதையும் போமன் மாற்றினார்.

தலையைச் சமப்படுத்தி, ரேடியேட்டரை மாற்றி, தெர்மோஸ்டாட்டையும் திரும்பப் பொருத்திய பின் அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். முள் நடுவிலேயே நின்றது. திரும்பி வந்து, "ஏறும்போதும் சூடாகவில்லை" என்று போமனிடம் எச்சத்தோடு சொன்னோம். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த வண்டிக்காரரிடம் சென்றார். "நிக்கும்போதா?" என்று கேட்பது நம் காதில் விழுந்தது.